பட்டம் தந்தார்! பதவி தந்தாரா?

ஆசிரியப் பயிற்சிப் பட்டம் இலாபமா, நட்டமா?

இந்தக் கேள்வி இன்று கொல்லிமலை மீது ஏறி நிற்கிறது. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு, செம்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிளகும் காப்பியும் அன்னாசியும் மரவள்ளியும் விளைகின்ற மண்ணில், இளங்கலை முடித்த மாணவனும் மாணவியும், பி.எட். படிப்பில் சேரலாமா, வேண்டாமா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணட்டும்! எண்ணிப் பார்ப்பதுதான் பகுத்தறிவு. எண்ணாமல் துணிந்துவிட்டு, பிறகு தலைவிதியை நொந்துகொள்வதைத்தான் நாம் காலமெல்லாம் கண்டித்து வந்திருக்கிறோம்.

ஆனால் தோழர்களே, அவர்கள் எண்ணும்போது பக்கத்தில் வந்து நின்று ஒருவர் அறிவுரை கூறுகிறாரே, அவரைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். “உனக்கு எதற்கப்பா ஆசிரியப் பட்டம்? செலவு இலட்சக் கணக்கில். வரவு ஆயிரக் கணக்கில். இருக்கிற மிளகுக் கொடியைக் கவனி. அப்பன் செய்த தொழில் அருகிலிருக்க, அலைவானேன்?” என்கிறார் அவர். கனிவோடு சொல்கிறார், கணக்கோடும் சொல்கிறார். கேட்பவர் தலையாட்டும்படியாகவே சொல்கிறார்.

அவர் போட்ட கணக்குச் சரி. அவர் கண்ட முடிவு தவறு. தவறு மட்டுமல்ல, நஞ்சு! எப்படி என்று பார்ப்போம்.

வரவும் செலவும்

கணக்கை நாமே எடுத்துப் போட்டுவிடுவோம். மறைப்பதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை.

பட்டப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகள் ஓரளவு தாங்கக் கூடியவை. மலையிறங்கினால் நாமக்கல்லில் அறிஞர் அண்ணா பெயரால் ஓர் அரசு கலைக் கல்லூரி. இராசிபுரத்தில் திருவள்ளுவர் பெயரால் மற்றொன்று. ஏழை வீட்டுப் பிள்ளையின் கால்களும் ஏறக்கூடிய படிகள் அவை. இடர் தொடங்குவது அதற்குப் பிறகு. பி.எட். என்பது ஒரு காலத்தில் ஓராண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த விதிகளின்படி, 2015–16 முதல் அது ஈராண்டாயிற்று. நீட்டியது சரியா தவறா என்பது வேறு வழக்கு. கட்டணம் இரண்டாண்டுக்கு ஆயிற்று, விடுதிச் செலவு இரண்டாண்டுக்கு ஆயிற்று, கூலி இழக்கும் காலமும் இரண்டாண்டு ஆயிற்று என்பதில் மட்டும் வழக்கே இல்லை.

தமிழ்நாட்டில் அரசே நடத்தும் கல்வியியல் கல்லூரிகள் ஏழு. அரசு உதவி பெறுபவை பதினான்கு. இந்த இருபத்தொன்றுக்கும் சேர்த்துக் கலந்தாய்வு வழியே நிரப்பப்படும் இடங்கள் ஏறத்தாழ 2,040. ஆனால் 2008இல் தோன்றிய ஆசிரியர் கல்வியியல் பல்கலைக் கழகத்தின் குடைக்கீழ் நிற்கும் கல்லூரிகளோ அறுநூறுக்கும் மேல்! மற்றவை எல்லாம் யாருடையவை? தனியாருடையவை. நாமக்கல் மாவட்டத்துக்கு ஒரு பேறு உண்டு. ஏழு அரசுக் கல்லூரிகளில் ஒன்று குமாரபாளையத்தில் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தவர் பிழைத்தார். கிடைக்காதவர் தனியார் கல்லூரியின் வாயிலில், கையில் கட்டணச் சீட்டோடு நிற்கிறார்.

அவருக்கு ஆகும் செலவை ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். கட்டணமும் பிற வசூலும் சேர்த்து ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டுக்கு ஓர் இலட்சம். தங்குவதற்கும் உண்பதற்கும் மாதம் 4,000 என்று, ஆண்டுக்குப் பத்து மாதம் போட்டால் 80,000. படிக்கப் போனதால் இழந்த கூலி? 2024–25ஆம் ஆண்டுக்கு, நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அந்த விகிதத்தில், தோட்டத்திலும் பிறவிடத்திலுமாக ஆண்டுக்கு 200 நாள் உழைத்திருப்பார் எனக் கொண்டால், இரண்டாண்டில் 1,27,600. ஆக மொத்தம் 3,07,600 ரூபாய். கல்லூரிக்குக் கல்லூரி தொகை கூடலாம், குறையலாம். கணக்கின் போக்கு இதுதான்.

கையிலிருந்து போகும் 1,80,000 ரூபாயைக் கடனாக வாங்கினார் என்று வையுங்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால், மாதம் 3,600 ரூபாய் வட்டியாகவே போகும். முதல் அப்படியே இருக்கும். மலை நகர்ந்தாலும் அது நகராது!

“பழங்குடி மாணவருக்கு உதவித்தொகை உண்டே?” என்பீர்கள். உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை இலட்சத்துக்குள் இருந்தால், கட்டாயக் கட்டணம் அரசிடமிருந்து வரும். ஆனால் நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு அது கிடையாது. மற்றவருக்கும் அது வந்து சேரும் நாள்வரை கல்லூரி முதலாளி காத்திருப்பாரா? காத்திருக்காவிட்டால், இடைக்காலத்தில் பணம் புரட்டித் தருபவர் யார்? கடன்காரர்தானே!

ஒரே பட்டம், இரண்டு விலை

இனி வரவைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசின் 2017ஆம் ஆண்டு ஊதியத் திருத்தப்படி, பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். இடைநிலை ஆசிரியருக்கு 20,600. அகவிலைப்படி முதலியன தனி. அந்த நிலையான பணி கிடைத்துவிட்டால், நாம் போட்ட 3,07,600 ரூபாய்க் கணக்கு எத்தனை மாதத்தில் தீரும்? ஒன்பது மாத அடிப்படை ஊதியம் போதும்! பத்தாம் மாதத்திலிருந்து அந்தப் பட்டம் பொன் விளையும் நிலம்.

அப்படியானால் பட்டம் நட்டம் என்று எப்படி ஆயிற்று? இப்படித்தான் ஆயிற்று: 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப ஆணை பிறந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 10,000. முதுகலை ஆசிரியருக்கு 12,000. எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது, பின்னர் 12,000, 15,000, 18,000 என்று உயர்த்தினார்கள்.

அந்த 7,500 ரூபாயை 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், தோழர்களே! நாளொன்றுக்கு 288 ரூபாய். அதே 2022–23இல், நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 281 ரூபாய். ஆசிரியப் பயிற்சிக்கு நாடு வைத்த மதிப்பு, நாளுக்கு ஏழே ரூபாய்! ஏரி மண் வெட்டும் தோழரின் உழைப்பு தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. அவருக்கும் அந்தக் கூலி போதாது. இருவரையும் ஒரே பள்ளத்தில் தள்ளிவிட்டு, ஒருவரிடம் மட்டும் “உன் படிப்பு நட்டம்” என்று சொல்வது என்ன அறம்?

பட்டதாரி ஆசிரியரின் 10,000 ரூபாயை எடுத்துக்கொண்டால், செலவுத் தொகையை அடைக்க முப்பத்தொரு மாதம் வேண்டும். அதுவும் உண்ணாமல், உடுக்காமல், வட்டியும் கட்டாமல் இருந்தால்! வட்டி 3,600 போனால் மிச்சம் 6,400. அதில் வாடகை, அதில் பேருந்து, அதில் வீட்டுக்கு அனுப்பும் பணம்.

பார்த்தீர்களா? பட்டம் ஒன்றுதான். பாடம் ஒன்றுதான். கரும்பலகை ஒன்றுதான். நிலையான ஆசிரியர் கையில் ஒன்பது மாதத்தில் தீருகிற செலவு, தற்காலிக ஆசிரியர் கழுத்தில் மூன்று பள்ளியாண்டு கடந்தும் தொங்குகிறது. பட்டத்தின் விலை குறையவில்லை. பணியின் விலையைக் குறைத்தார்கள்! நட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. மாணவன் தலையில் இல்லை.

விற்றவர் கணக்கு எங்கே?

வாங்கியவன் கணக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். விற்றவர் கணக்கை யாராவது கேட்டோமா?

2010 ஏப்ரல் முதல் நாள் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 சூலை 12 அன்று நடந்தது. எழுதியோர் ஆறரை இலட்சத்துக்கும் மேல். தேறியோர் 2,448! நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரமே கொடுத்தது கொடுமை என்று எல்லோரும் கூறினர். மறுதேர்வில் மூன்று மணி நேரம் தந்தார்கள். தேறியோர் தொகை உயர்ந்தது. நேரத்தின் குறை நேரத்தோடு போகட்டும். அத்தனை இலட்சம் பேருக்கும் முன்னரே “நீ ஆசிரியனாகத் தக்கவன்” என்று முத்திரை குத்திச் சான்றிதழ் தந்தவர்கள் யார்? கல்லூரிகள். தேர்வில் தோற்ற மாணவன் தலை குனிந்தான். அவனுக்குப் பயிற்சி அளித்த கல்லூரி எதுவாவது தலை குனிந்ததா? வாங்கிய கட்டணத்தில் ஒரு காசாவது திருப்பித் தந்ததா?

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் இந்தியாவின் ஆசிரியப் பயிற்சி நிலையங்களை ஆராய்ந்தது. தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் பெரும்பாலானவை, பயிற்சி தருவதில் அக்கறையின்றி, விலைக்குப் பட்டம் விற்பவையாகவே இருக்கின்றன என்ற ஆணையத்தின் கருத்தை, ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது. ஒப்புக்கொண்ட பின் என்ன செய்தார்கள்? 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமே ஆசிரியருக்குக் குறைந்த தகுதியாக இருக்கும் என்று அதே கொள்கையில் எழுதினார்கள். பதினேழு வயதில், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த உடனே, ஒரு மலைவாழ் பெண் தன் வாழ்நாள் தொழிலை முடிவு செய்துவிட வேண்டுமாம்! திருடன் நுழைந்தான் என்று சொல்லி, வீட்டுக்காரன் படுக்கையைத் தூக்கித் தெருவில் போட்ட கதை இது.

தேர்வுக்கு மேல் தேர்வு

சரி, தகுதித் தேர்வில் தேறியாயிற்று. பணி கிடைத்ததா? 2012லும் 2013லும் தேறியவர்களில், பத்தாண்டு கடந்தும் பணி காணாதவர்கள் இருக்கிறார்கள். 2018இல் ஓர் அரசாணை வந்தது: தகுதித் தேர்வு தகுதிக்கு மட்டும்; பணிக்கு இன்னொரு போட்டித் தேர்வு! அந்தப் போட்டித் தேர்வு பட்டதாரி ஆசிரியருக்கு நடந்தது 2024 பிப்ரவரி 4 அன்று. இடங்கள் 2,582. எழுதியோர் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர்.

இதில் பழங்குடியினரின் பங்கு என்ன? 1990இல் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கெனத் தனியாக ஒரு விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அந்த ஒரு விழுக்காட்டை அப்படியே 2,582இல் கணக்கிட்டால் இருபத்தைந்தோ இருபத்தாறோ வரும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு, புவியியல் என்று அதைப் பிரித்தால் பாடத்துக்குச் சில இடங்கள். நீலகிரி முதல் கல்வராயன் வரை, சவ்வாது முதல் பச்சைமலை வரை எல்லா மலைகளின் பிள்ளைகளும் அந்தச் சில இடங்களுக்காக நிற்க வேண்டும். திறந்த போட்டியிலும் அவர்கள் வெல்லலாம்தான். ஆனால் பயிற்சி மையம் சேலத்திலும் நாமக்கல்லிலும் இருக்க, பாடப் புத்தகத்தோடு மிளகு மூட்டையையும் சுமப்பவன் எப்போது கீழே இறங்கி, எப்போது படித்து, எப்போது வீடு திரும்புவான்?

பணியில் இருப்பவருக்கும் நிம்மதி இல்லை. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், பல்லாண்டு பாடம் நடத்தியவர்களே ஆயினும், தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வு வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. அறியாதவர் ஆசிரியராகக் கூடாது; அதிலும் ஏழையின் பள்ளியில் அறவே கூடாது. ஆசிரியருக்குத் தேர்வுக்கு மேல் தேர்வு வைக்கும் கைகள், ஆசிரியரை உருவாக்கும் கல்லூரிக்கு ஒரு தேர்வாவது வைக்கக் கூடாதா என்றே கேட்கிறோம்.

ஏகலைவன் பெயரால்

கொல்லிமலையில் செங்கரை என்னும் ஊரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென ஓர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. நல்ல செய்தி. அது போன்ற பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு சூட்டிய பெயர் என்ன? ஏகலைவா பள்ளி!

யார் அந்த ஏகலைவன்? கற்றதற்காகக் கட்டை விரலை இழந்த வேடுவச் சிறுவன். கற்பிக்காமலே காணிக்கை கேட்டவர் துரோணர். விரலை இழந்தவன் பெயர் பழங்குடிப் பள்ளிக்கு. விரலை வாங்கியவர் பெயரோ, 1985 முதல், சிறந்த பயிற்சியாளருக்கான விருதுக்கு! இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்க்க இவர்களுக்கு நா கூசவில்லை, நமக்குக் கூசுகிறது.

கதையில் ஒரு விரலோடு விட்டார்கள். இன்றைய துரோணர்கள் கேட்கும் காணிக்கை மாதந்தோறும் வட்டியாக வருகிறது. 2023–24 வரவு செலவுத் திட்டத்தில், 740 ஏகலைவா பள்ளிகளுக்கு 38,800 ஆசிரியர்களும் பணியாளர்களும் எடுக்கப்படுவர் என்று அறிவித்தார்கள். மகிழ்ந்தோம். நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு என்றார்கள். அந்தத் தேர்வில் இந்தி அறிவையும் சோதித்தார்கள்! செங்கரையில் தமிழ்க் குழந்தைக்குத் தமிழில் பாடம் சொல்ல இந்தி எதற்கு? கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் அவர்களுக்கு; 2011 கணக்கெடுப்பில் மூன்றரை இலட்சத்துக்கும் மேல். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கிறோம். அந்த ஓரியின் மலையில் ஆசிரியராவதற்கு ஓரியின் மொழி போதாதா?

அதே 2011 கணக்கில், தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காடு. இடையே இருக்கும் இருபத்தாறு விழுக்காட்டுப் பள்ளத்தைத் தூர்க்கப் போகிறவர் யார்? சமவெளியிலிருந்து வந்து, மாறுதல் ஆணைக்கு மனுப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைப் பேருந்துக்கு நேரம் பார்க்கும் ஆசிரியரா? அந்த நாட்டிலேயே பிறந்து, அந்தப் பாதையிலேயே நடந்து, தோட்ட வேலைக்குப் பெற்றோர் புறப்பட்டுவிட்டால் எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடும் என்று அறிந்த ஆசிரியரா?

இந்தக் கேள்விக்குத்தான் அந்த அறிவுரைக்காரரின் பேரேட்டில் பத்தி இல்லை. மலைப்பெண் ஒருத்தி ஆசிரியையானால், அவள் வகுப்பில் உட்காரும் முப்பது பெண்கள் தாமும் ஆகலாம் என்று எண்ணத் தொடங்குகிறார்கள். அதை எந்தப் பத்தியில் எழுதுவார்?

புதிய குலக்கல்வி

1953இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் தமிழகத்தைக் கொதித்தெழச் செய்தனர். 1954இல் அவர் பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போயிற்று.

அன்று “அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்” என்று திட்டம் சொன்னது. இன்று “அப்பன் தொழிலுக்குத் திரும்பிப் போ” என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது. திட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போகலாம். கணக்கை எதிர்த்து யார் ஊர்வலம் போவார்? அதனால்தான் இது அதைவிடக் கொடியது. பட்டத்துக்குப் பணம், பயிற்சிக்குப் பணம், காத்திருப்பதற்கும் பணம் என்று ஆக்கிவிட்டால், காத்திருக்கக் கூடியவன் வீட்டுப் பிள்ளை மட்டுமே ஆசிரியனாவான். அவன் பிள்ளையும் ஆவான். எந்த மனுவும் எழுதாமல், எந்தச் சாத்திரமும் ஓதாமல், ஆசிரியத் தொழில் மீண்டும் ஒரு வகுப்பாரின் குடும்பச் சொத்தாகும்!

நம்மவரையும் கேட்போம்

இவ்வளவும் டில்லியின் குற்றம் என்று எழுதி முடித்துவிட்டால் எளிது. ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. 2009 சூன் முதல் நாளுக்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. அன்றும் பிறகும் சேர்ந்தவருக்கு 5,200 என்று பிளவு உண்டானதும் இங்கேதான். அப்போது கோட்டையில் இருந்தது தி.மு.க. ஆட்சி. 2012இல், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டதும் இங்கேதான். அப்போது இருந்தது அ.தி.மு.க. ஆட்சி. 2022இன் 7,500 ரூபாய் ஆணை மீண்டும் தி.மு.க. ஆட்சியில் பிறந்தது. கொடியில் கறுப்பும் சிவப்பும் இருப்பதால் கேள்வி கேட்கக் கூடாது என்று நமக்கு யாரும் கற்பிக்கவில்லை. யார் சொன்னாலும் உன் அறிவைக் கொண்டு கேள் என்பதே நமக்குக் கிடைத்த பாடம். அந்தப் பாடத்தை நம்மவரிடமே முதலில் காட்டுவோம்.

“பணம் எங்கே இருக்கிறது?” என்பார்கள். கியூபா என்னும் சிறு தீவு, 1961ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஓர் இலட்சம் மாணவ இளைஞர்களைப் பயிற்றுவித்து, உடையும் விளக்கும் புத்தகமும் அரசே தந்து, மலைகளுக்கும் சிற்றூர்களுக்கும் அனுப்பியது. நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருந்த எழுத்தறியாமை, அந்த ஓராண்டிலேயே நான்குக்கும் கீழே இறங்கியது. கியூபாவிடம் அன்று தங்கச் சுரங்கமா இருந்தது? மலையில் ஆசிரியர் நிற்க வேண்டும் என்ற முடிவு இருந்தது, அவ்வளவே.

கேட்க வேண்டியவை

ஆகவே, தோழர்களே, நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று: நிலையான பணியிடம் காலியானால் நிலையான ஊதியத்தில் நிரப்புக! மலைப்பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் தற்காலிகம் என்ற சொல்லே கூடாது.

இரண்டு: பழங்குடி மாணவரின் பயிற்சிக் கட்டணத்தை, சேரும் நாளன்றே அரசு கல்லூரிக்குச் செலுத்துக! விடுதியும் தருக, இரண்டாண்டுக்கும் மாதப்படி தருக. படிப்பதற்காகக் கூலியை இழப்பவருக்கு அதை ஈடுசெய்வது இரக்கமன்று, முதலீடு.

மூன்று: நிரப்பப்படாத பழங்குடி இடங்களைத் தனித்தேர்வு வைத்து நிரப்புக! ஆந்திரத்தில் பழங்குடிப் பகுதிப் பள்ளிகளின் ஆசிரியப் பணி முழுவதையும் பழங்குடியினருக்கே ஒதுக்கிய ஆணையை, 2020இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நாம் நூற்றுக்கு நூறு கேட்கவில்லை. உள்ளதை ஒழுங்காகக் கொடு என்கிறோம். தகுதித் தேர்வுக்கும் போட்டித் தேர்வுக்கும் செம்மேட்டிலேயே இலவசப் பயிற்சி மையம் நடத்துக!

நான்கு: ஒவ்வொரு கல்வியியல் கல்லூரியும், தன்னிடம் பயின்றவரில் எத்தனை பேர் தகுதித் தேர்வில் தேறினர், எத்தனை பேர் பணி பெற்றனர் என்று வாயிலிலேயே எழுதி வைக்கச் சட்டம் செய்க! அரிசிக் கடையில் விலைப்பலகை வைக்கச் சொல்லும் அரசு, அறிவுக் கடையில் வைக்கச் சொல்லக் கூடாதா?

இந்த நான்கையும் அரசு செய்யும் வரை, மலையின் இளைஞருக்கும் தங்கையருக்கும் நாம் சொல்வது இது: கணக்குப் போடுங்கள். கல்லூரியின் வண்ணத் தாளை நம்பிக் கையொப்பம் இடாதீர்கள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க முதல் முயற்சி செய்யுங்கள். தனியாரிடம் போனால், எந்த ஒதுக்கீட்டில் சேர்க்கிறார், உதவித்தொகை உண்டா, சென்ற ஆண்டு அங்கே பயின்றவர் எங்கே இருக்கிறார் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். விடை சொல்லத் தயங்கும் கல்லூரிக்கு உங்கள் பணத்தைத் தரத் தயங்குங்கள். வகுப்புக்கு வராமலே பட்டம் தருகிறேன் என்பவனைக் கண்டால் ஓடிவந்துவிடுங்கள்; அவன் விற்பது தாள், கல்வியன்று.

வேலை கிடைக்க வேண்டுமென்று அறப்பளீசுவரருக்கு வேண்டுதல் வைக்கும் நண்பருக்கும் ஒரு சொல். கோயிலுக்குக் கீழே விழும் அருவிக்கு ஆகாய கங்கை என்று பெயர். ஆனால் அந்த நீர் ஆகாயத்திலிருந்து வரவில்லை. மலைமேல் ஓடும் ஐயாறு அங்கே கீழே குதிக்கிறது, அவ்வளவுதான். ஆசிரியப் பணியும் அதைப் போன்றதே. வானத்திலிருந்து அது விழாது. அரசாணையிலிருந்து பிறக்கிறது; வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஊறுகிறது. ஊற்றை அடைத்து வைத்திருப்பவர் யாரென்று கண்டுபிடித்து, அங்கே போய்த் தட்டுங்கள்.

பட்டம் இலாபமா, நட்டமா என்று கேட்டவருக்கு நம் விடை இதுதான். ஆசிரியர் இல்லாத மலைக்கு ஆசிரியரைத் தருகிற பட்டம் ஒருநாளும் நட்டமாகாது. அதை நட்டமாக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, முகவரியும் உண்டு. இனி, கணக்குப் புத்தகத்தோடு அங்கே போவோம்!